பட்ஜெட் தொடாத எண்கள்

80 வயதுக்குட்பட்ட ஏழை முதியோருக்கான ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 2007-இல் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் என்று பெயர் சூட்டப்பட்டபோதும் 200, 2025-லும் 200. இடைக்கால பட்ஜெட்டுகளையும் சேர்த்தால் இதற்கிடையே 22 பட்ஜெட்டுகள் வந்துபோயின. ப.சிதம்பரம், பிரணாப் முகர்ஜி, அருண் ஜேட்லி, நிர்மலா சீதாராமன் என்று நிதியமைச்சர்கள் மாறினார்கள். எண் மாறவில்லை. அடுத்த பட்ஜெட்டில் புதிதாக என்ன கிடைக்கும் என்பதைவிட, பழையது எவ்வளவு தேய்ந்துபோயிருக்கிறது என்பதைத்தான் நாம் முதலில் கேட்க வேண்டும்.

ஓர் உதவித்தொகையைக் குறைக்க அரசு அறிவிப்பு எதுவும் வெளியிட வேண்டியதில்லை. அதை உயர்த்தாமல் விட்டாலே போதும்; மீதியை விலைவாசி பார்த்துக்கொள்ளும். 2007-க்கும் இன்றைக்கும் இடையில் விலைகள் மூன்று மடங்குக்கு மேல் ஆகியிருக்கின்றன. அன்றைய 200 ரூபாய்க்கு வாங்கிய பொருள்களை இன்று வாங்க 600 ரூபாய்க்கும் மேல் வேண்டும். இன்னொரு பக்கமிருந்து பார்த்தால், இன்று முதியவர் கையில் விழும் 200 ரூபாய், அன்றைய கணக்கில் சுமார் 62 ரூபாய். மூன்றில் இரண்டு பங்கு வெட்டப்பட்டிருக்கிறது. நாடாளுமன்றத்தில் இதற்காக வாக்கெடுப்பு நடக்கவில்லை. தலைப்புச் செய்தியும் வரவில்லை.

எது ஏறும், எது இறங்கும்

பட்ஜெட் நாளன்று தொலைக்காட்சிகள் இன்னமும் 'விலை உயரும் பொருள்கள், குறையும் பொருள்கள்' என்று ஒரு பட்டியல் போடுகின்றன. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு அந்தப் பட்டியலுக்கு முன்பிருந்த பொருள் இல்லை. சோப்பு, எண்ணெய், பிஸ்கட், செல்போன் போன்றவற்றின் மீதான வரியை முடிவு செய்வது ஜிஎஸ்டி கவுன்சில். பட்ஜெட்டில் பெரும்பாலும் மிஞ்சியிருப்பது இறக்குமதித் தீர்வையும், சில கலால் வரிகளும்தான்.

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியதே நல்ல உதாரணம். சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் 18 விழுக்காட்டிலிருந்து 5-க்கு வந்தன. நோட்டுப் புத்தகம், பென்சிலுக்கு வரி நீங்கியது. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கும் வரி இல்லை. பட்ஜெட்டுக்கு வெளியே நடந்த இந்த மாற்றம், பல பட்ஜெட்டுகளைவிட நேரடியாக மளிகைக் கடையில் தெரிந்தது. ஆனால், ரேஷன் அரிசியும் சந்தைக் காய்கறியும் அவ்வப்போது ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டும் வாங்கும் வீட்டுக்கு இதனால் மிச்சமாவது சொற்பம். அந்த வீட்டின் வருமானத்தில் அரசுத் தொகை எவ்வளவு, அது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பதுதான் அங்கே உண்மையான பட்ஜெட்.

ரேகை விழாத விரல்

சிவகங்கை மாவட்டக் கிராமமொன்றில் முதியோர் பணம் கொடுக்கும் நாளில் சாவடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வங்கி முகவராக வரும் பெண் மடியில் சின்ன மிஷினை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார். ஆயுள் முழுக்கக் களை பறித்த கைகளில் ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. மிஷின் ஏற்க மறுக்கிறது. “அப்பத்தா, விரலைச் சேலையில நல்லாத் தொடச்சிட்டு வைங்க.” “தொடச்சுட்டேன்த்தா, இதுக்கு மேல தொடச்சாத் தோலு வந்துரும்.” மோதிர விரல், நடுவிரல், மறுபடி கட்டைவிரல். கடைசியில் பச்சை விளக்கு எரிகிறது.

கைக்கு வந்த 1,200 ரூபாயை அந்த மூதாட்டி அங்கேயே பிரித்துவிட்டார். ஐநூறு ரூபாய் மருமகள் கைக்கு, கேஸுக்கு. காப்பித்தூள், சீனி, முழங்கால் வலிக்குத் தைலம். மிச்சத்தில் பேத்திக்கு ஏதாவது. அந்த ஐநூறு ரூபாயை நாம் கவனிக்க வேண்டும். அதுதான் அந்த வீட்டில் அவருக்கான மரியாதை. சோறு போடும் மகன் வீட்டுக்குத் தானும் ஒரு பங்கு தருகிறேன் என்று நிமிர்ந்து சொல்லவைக்கும் பணம் அது. 2025 இறுதியில் சென்னை விலையில் சிலிண்டர் 868 ரூபாய் 50 காசாக இருந்தது. ஊரகத்தில் இன்னும் சற்றுக் கூடும். விலை ஏறும்போதெல்லாம் முதியவரின் பங்கு சிலிண்டரின் இன்னும் சிறிய பகுதியாகச் சுருங்குகிறது.

அந்த 1,200-இல் டெல்லியின் பங்கு 200. மீதி ஆயிரம் மாநில அரசுடையது. அதுவும் மத்திய அரசின் ஒதுக்கீட்டுப் பட்டியலில் இடம் கிடைத்தவருக்குத்தான். அதற்கு வெளியே இருக்கும் முதியவருக்கு முழுத் தொகையையும் மாநிலமே தருகிறது. இந்தப் பட்டியலின் அளவு 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும், பழைய திட்டக்குழுவின் 2004-05 வறுமை விகிதத்தையும் கொண்டு நிர்ணயிக்கப்பட்டது. நாட்டில் முதியோர் எண்ணிக்கை எவ்வளவு கூடினாலும் சுமார் 2.2 கோடிப் பேருக்கு மேல் இல்லை. நடைமுறையில், பட்டியலில் உள்ள ஒருவர் இறந்தால்தான் இன்னொருவருக்கு இடம்.

மாநிலத்தின் கணக்கையும் சொல்லியாக வேண்டும். காமராஜர் முதல்வராக இருந்த 1962-லேயே மாதம் 20 ரூபாயில் முதியோர் ஓய்வூதியம் தொடங்கிய மாநிலம் இது. 2011-இல் ஜெயலலிதா அரசு 500 ரூபாயை ஆயிரமாக்கியது. அடுத்த உயர்வு வருவதற்கு 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது ஸ்டாலின் அரசு 1,200 ஆக்கியது. பன்னிரண்டு ஆண்டுகளில் 20 விழுக்காடு உயர்வு. அதே பன்னிரண்டு ஆண்டுகளில் விலைவாசி ஏறத்தாழ இரட்டிப்பானது. கட்சி பார்க்காமல் சொன்னால், 2011-இல் அந்த மூதாட்டிக்குக் கிடைத்ததைவிட இன்று குறைவாகவே கிடைக்கிறது.

மற்ற மாநிலங்களைப் பாருங்கள். ஆந்திரத்தில் 4,000 ரூபாய். கேரளத்தில் 1,600 ஆக இருந்தது 2025 நவம்பரில் 2,000 ஆயிற்று. பிஹாரில் பல ஆண்டுகளாக 400 ரூபாயாக இருந்தது, சட்டப்பேரவைத் தேர்தல் வந்த 2025-இல் ஒரே தாவலாக 1,100 ஆனது. தேர்தல் இல்லாத ஆண்டுகளிலும் அந்த மாநில முதியவர்கள் பசித்துத்தான் இருந்தார்கள். எந்த மாநிலத்தில் பிறந்தோம், அங்கே அடுத்த தேர்தல் எப்போது என்பவற்றை ஒட்டி முதுமையின் பாதுகாப்பு தீர்மானமாவது ஒரு நாட்டுக்கு அழகல்ல.

உறைந்துபோன மற்றவை

200 ரூபாய் தனித்து நிற்கவில்லை. குடும்பத்தில் சம்பாதிப்பவர் இறந்தால் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு மத்திய அரசு தரும் ஒரேமுறை உதவி 20,000 ரூபாய். 2012 முதல் அப்படியே இருக்கிறது. ஆலைகளிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்து ஓய்வுபெற்றவர்களுக்கு வருங்கால வைப்புநிதி நிறுவனம் தரும் குறைந்தபட்ச ஓய்வூதியம் ஆயிரம் ரூபாய். 2014 செப்டம்பர் முதல் அதுதான். கோவை, ராஜபாளையம் பக்கம் பஞ்சாலையில் முப்பது ஆண்டுகள் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர்களில் எத்தனையோ பேர் இந்த வரம்பை ஒட்டித்தான் வாங்குகிறார்கள்.

2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கருவுற்ற பெண்ணுக்கு 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவியை உரிமையாக்கியது. 2017-இல் நடைமுறைக்கு வந்த பிரதமரின் மகப்பேறு உதவித் திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் என்றது. சட்டம் சொன்ன 6,000 விலைவாசியோடு நடந்திருந்தால் இன்று பத்தாயிரத்தைத் தாண்டியிருக்கும். தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி கிடைப்பதால் நம் பெண்களுக்கு இந்த இழப்பு பெரிதாக உறைப்பதில்லை. உத்தரப் பிரதேசத்திலோ ஜார்கண்டிலோ நிறைமாதத்திலும் வயல் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு உறைக்கும்.

அங்கன்வாடியில் ஒரு குழந்தையின் ஒருநாள் சத்துணவுக்கான செலவு வரம்பு 8 ரூபாய். 2017-இல் வைத்தது, அதில் பாதிதான் மத்திய அரசின் பங்கு. இன்று சில்லறைக் கடையில் ஒரு முட்டை ஆறு, ஏழு ரூபாய். பருப்பு, எண்ணெய், காய்கறி, விறகு அல்லது கேஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து எட்டு ரூபாயில் சமைக்கச் சொன்னால் தட்டில் எது குறையும் என்பது சமைக்கிறவர்களுக்குத் தெரியும். முதலில் பருப்பு தண்ணீராகும்.

சம்பளம் ஏறினால் படிப்பு போகும்

தொகை உறைந்தால் வரும் இழப்பாவது கண்ணுக்குத் தெரிகிறது. வருமான வரம்பு உறைந்தால் வரும் இழப்பு தெரிவதே இல்லை. என்னைக் கேட்டால் அது இன்னும் கொடியது.

பட்டியலின மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். பத்தாண்டுகளுக்கும் மேலாக மாறவில்லை. திருப்பூரில் ஒரு தையல் தொழிலாளி மாதம் 20,000 ரூபாய் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2.4 லட்சம். மகள் பொறியியல் படிக்கிறாள், உதவித்தொகை கிடைக்கிறது. அடுத்த ஆண்டு விலைவாசி ஐந்து விழுக்காடு ஏறுகிறது, சங்கம் பேசி கூலியும் ஐந்து விழுக்காடு ஏறுகிறது. அவர் வாழ்க்கையில் ஒரு குந்துமணி அளவும் முன்னேற்றம் இல்லை. ஆனால், ஆண்டு வருமானம் 2.52 லட்சம் ஆகிவிட்டது. மகளின் கல்விக் கட்டணம் முழுவதும் அவர் தலையில் விழுகிறது. 12,000 ரூபாய் உயர்வு வந்த வீட்டில் அதைப்போலப் பல மடங்கு போகிறது.

இதனால் நேர்மையாக இருப்பதே தண்டனையாகிறது. வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது உள்ளதைக் குறைத்துச் சொல்லத் தூண்டும் விதி எங்கே இருந்தாலும் அந்த விதியில்தான் கோளாறு. மகளிர் உரிமைத்தொகைக்கும் 2023-இல் ஆண்டுக்கு 2.5 லட்சம் என்றுதான் வரம்பு வைத்தார்கள். அந்த வரம்பும் அந்த ஆயிரம் ரூபாயும் வைத்த இடத்திலேயே நின்றால், இன்னும் பத்தாண்டுகளில் இரண்டு பக்கமிருந்தும் தேயும். தொகை சிறுக்கும், தகுதி பெறும் குடும்பங்களும் குறையும்.

தானாக ஏறுவது முடியாத காரியமா?

முடியும். அரசு அதை ஆண்டுக்கு இருமுறை செய்துகொண்டிருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி திருத்தப்படுகிறது. தொழிலாளர் விலைக் குறியீட்டெண் எவ்வளவு ஏறியதோ அதற்கேற்ற உயர்வு. யாரும் மனுக் கொடுக்க வேண்டாம், தேர்தலுக்குக் காத்திருக்க வேண்டாம். 2016-இல் ஏழாவது ஊதியக்குழுவின் ஊதியம் அமலானபோது சுழியத்திலிருந்து எண்ணத் தொடங்கிய அந்தப் படி, 2025 ஜூலையில் அடிப்படை ஊதியத்தில் 58 விழுக்காட்டை எட்டியது. அதாவது, இந்தக் காலத்தில் வாழ்க்கைச் செலவு இவ்வளவு ஏறிவிட்டது என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அகவிலைப்படி நியாயமானது, போராடிப் பெற்ற உரிமை. அதே சந்தையில், அதே கடையில், அதே விலைக்குச் சாமான் வாங்கும் மூதாட்டிக்கு அது ஏன் பொருந்தாது என்பதுதான் கேள்வி.

ஏழைகளுக்கான திட்டத்திலும் முன்னுதாரணம் உண்டு. நூறு நாள் வேலையின் கூலி, வேளாண் தொழிலாளர் விலைக் குறியீட்டை ஒட்டி ஆண்டுதோறும் திருத்தப்பட்டு வந்தது. தமிழ்நாட்டில் 2024-25-இல் 319 ரூபாய், 2025-26-இல் 336 ரூபாய். அந்த உயர்வு போதுமா என்பது வேறு விவாதம். குறியீட்டெண், கணக்கிடும் முறை, அறிவிக்கும் நாள் எல்லாம் அரசின் கையில் தயாராக இருக்கின்றன.

பணம் இருக்கிறதா?

2016-17-இல் மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவு சுமார் 19.78 லட்சம் கோடி ரூபாய். முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான ஓய்வூதியங்கள் அடங்கிய தேசிய சமூக உதவித் திட்டத்துக்கு அதில் 9,500 கோடி. நூறு ரூபாய்க்கு 48 காசு. 2025-26-இல் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடியாக வளர்ந்தது. அதே திட்டத்துக்கு 9,652 கோடி. நூறு ரூபாய்க்கு 19 காசு.

அதே பட்ஜெட்டில் 12 லட்சம் ரூபாய் வரை ஆண்டு வருமானம் உள்ளோருக்குப் புதிய முறையில் வருமான வரி இல்லை என்று அறிவிக்கப்பட்டது. அரசுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று நிதியமைச்சரே சொன்னார். 12 லட்சம் வாங்கும் ஒருவருக்கு 80,000 ரூபாய் மிச்சம். அதைக் குறைசொல்ல மாட்டேன். வீட்டுக்கடனும் பள்ளிக் கட்டணமும் கட்டும் நடுத்தரக் குடும்பங்கள் மூச்சுவிட அது தேவைதான். ஆனால், ஒரு கோரிக்கைக்கு ஒரு லட்சம் கோடி ஒதுக்க முடிந்த இடத்தில் இன்னொன்றுக்குப் பணம் இல்லை என்ற பதில் நிற்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2.2 கோடி முதியோருக்கு 200 ரூபாயை 650 ஆக்கினால், அதாவது 2007-இல் இருந்த மதிப்பை மட்டும் திரும்பக் கொடுத்தால், கூடுதல் செலவு ஆண்டுக்குச் சுமார் 12,000 கோடி. மொத்த பட்ஜெட்டில் நூறு ரூபாய்க்கு 24 காசு. 2017 டிசம்பரில் ஜான் டிரெஸ், ரீத்திகா கேரா உள்ளிட்ட 60 பொருளாதார அறிஞர்கள் அன்றைய நிதியமைச்சர் ஜேட்லிக்குக் கடிதம் எழுதி, குறைந்தது 500 ரூபாயாவது ஆக்குங்கள் என்று கேட்டார்கள். ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவும் இந்தத் தொகை மிகச் சொற்பம் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

வயது ஏறும் வேகமும் நம்மைக் காத்திருக்க விடாது. 2021-இல் தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைத் தாண்டியோர் 13.6 விழுக்காடு, 2031-இல் இது 18.2 ஆகும் என்பது மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் அறிக்கை தரும் மதிப்பீடு. பிள்ளைகள் குறைந்து, இருக்கும் ஒரு பிள்ளையும் வெளியூரில் இருக்கும் வீடுகளில், அரசுத் தொகை தேய்ந்தால் அந்த இடைவெளியை நிரப்புவது நகைக்கடனும் குழுக்கடனும்தான். வட்டி அந்தப் பக்கம் ஓடும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, வரும் பட்ஜெட்டிலேயே முதியோர், கைம்பெண், மாற்றுத்திறனாளி ஓய்வூதியங்களில் மத்திய அரசின் பங்கை முழு ஆயிரமாக உயர்த்தலாம். அது இயலாது என்றால் இழந்த மதிப்பையாவது ஈடுசெய்யும் 650 ரூபாயில் தொடங்கி, ஒவ்வோர் ஏப்ரல் 1-ஆம் தேதியும் விலைக் குறியீட்டோடு தானாக உயரும்படி விதி எழுத வேண்டும். மாநில அரசும் தன் பங்கான ஆயிரம் ரூபாய்க்கும் மகளிர் உரிமைத்தொகைக்கும் இதே விதியை ஏற்றுக்கொண்டால்தான் டெல்லியிடம் கேட்க அதற்குத் தார்மிக வலு இருக்கும்.

உதவித்தொகைகளின் வருமான வரம்புகளை மூன்றாண்டுகளுக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும். வரம்பைத் தாண்டியதும் முழு உதவியையும் பறிப்பதற்குப் பதிலாக, முதல் 50,000 ரூபாய்க்குப் பாதி உதவி என்று படிப்படியாகக் குறைக்கலாம். ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் மாணவருக்குப் படிப்பு முடியும்வரை உதவி நிற்கக் கூடாது. 2027-இல் புதிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும், 2001 கணக்கைக் கைவிட்டு ஓய்வூதியப் பட்டியலை விரிவுபடுத்துவதற்கான உறுதிமொழி இப்போதே வேண்டும்.

அதிகம் செலவில்லாத, ஆனால் நிறைய மாற்றக்கூடிய ஒரு யோசனையும் உண்டு. மத்திய, மாநில பட்ஜெட் ஆவணங்களோடு ஒரே ஒரு பக்கம் சேர்க்கட்டும். குடும்பங்களுக்குத் தரும் ஒவ்வொரு தொகையும், ஒவ்வொரு வருமான வரம்பும் கடைசியாக எந்த ஆண்டு திருத்தப்பட்டது, அன்றைய மதிப்பை இன்று தக்கவைக்க எவ்வளவு வேண்டும் என்று ஓர் அட்டவணை. சட்டப்பேரவையில் இதை வைக்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. நிதித்துறை அதிகாரிகள் ஒரு வாரத்தில் தயாரித்துவிடலாம். அப்போது பட்ஜெட் நாளன்று தொலைக்காட்சிகளும் நாளிதழ்களும் போடுவதற்குப் பயனுள்ள பட்டியல் ஒன்று கிடைக்கும்.

வாசகர்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. உங்கள் தெருவில் தகுதியிருந்தும் ஓய்வூதியம் கிடைக்காத முதியவர் இருந்தால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து ஒப்புகை எண்ணை வாங்கிக் கொடுங்கள். நிராகரித்தால், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ரேகை விழாததால் பணம் கிடைக்காமல் திரும்புகிறவர்களுக்குக் கண் கருவிழிப் பதிவு போன்ற மாற்று வழியை வங்கியிடம் கேட்டு வாங்கித் தாருங்கள். ஜனவரி 26 அன்று கிராம சபை கூடும்போது, ஊரில் எத்தனை முதியோர், அவர்களில் ஓய்வூதியம் பெறுவோர் எத்தனை, மத்திய அரசின் பங்கு யாருக்கெல்லாம் வருகிறது என்ற விவரங்களைக் கேட்டு, தொகையை உயர்த்தக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றி, அதன் நகலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள். மத்திய பட்ஜெட் தாக்கலாவது பிப்ரவரி 1 அன்று.